குடிலனுக்கு யார் குரல் கொடுப்பது?

நாடகம் காண்பதற்கே உரியது என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். இயலைக் கற்கிறோம், இசையைக் கேட்கிறோம், நாடகத்தைக் காண்கிறோம் என்று முத்தமிழையும் மூன்று புலன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். அதிலும் பழைய வடஆர்க்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு இவ்வெண்ணம் உடன்பிறந்தது. கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் பாரதக் கூத்து நிகழும் நாடு இது. இரவெல்லாம் விழித்திருந்து, துரியோதனன் வீழ்வதைக் கண்டு, கண் சிவக்க வீடு திரும்பியவரிடம் சென்று, "நாடகத்தைப் படித்துப் பாருங்கள்" என்றால் அவர் நகைக்கத்தானே செய்வார்?

ஆயினும், படிப்பதற்கென்றே எழுதப்பெற்ற பெருநாடகம் ஒன்று தமிழில் உண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டு வெளியிட்ட மனோன்மணீயமே அது. ஆங்கிலக் கவிஞர் லிட்டன் எழுதிய கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களில், பெரும்பாலும் ஆசிரியப்பாவில் அவர் அதனை இயற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அதே 1891இல்தான். ஒரே ஆண்டில் தமிழ் நாடகத்துக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்றில் கூட்டம் நுழைந்தது. மற்றொன்றில் இன்றும் நுழைவோர் சிலரே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1970ஆம் ஆண்டு முதல் நம் அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்நாடகத்தின் முகப்பில் உள்ள பாடலிலிருந்து எடுக்கப்பட்டதே. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. பள்ளிப் பருவமெல்லாம் எழுந்து நின்று பாடினோம். வாயிற்படியில் நின்று வணங்கிய நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குள் சென்றோம்?

கதை எளியது. பாண்டியன் சீவகன் தூய உள்ளத்தன். ஆனால் தன் அமைச்சன் குடிலனை முற்றும் நம்புகிறான். குலகுரு சுந்தர முனிவர் எச்சரித்தும் பயனில்லை. மன்னன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவிலேயே கண்டு காதல் கொள்கின்றனர். குடிலன் செய்யும் சூழ்ச்சியால் மணவினைக்குரிய தூது போர்வினையாக முடிகிறது. உண்மையுள்ள நாராயணன் மீது பழி விழுகிறது. முனிவர் மறைவாக அமைத்த சுரங்கவழி இறுதியில் அனைவரையும் காக்கிறது. சீவகனை ஆன்மாவாகவும் முனிவரை அருட்குருவாகவும் கொண்டு, இதை உயிரின் கதையாகவே படிப்போரும் உளர்.

இந்நாடகத்தை ஒடுகத்தூரில் நாம் பணியாற்றும் பங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஐந்து ஞாயிறு மாலைகளில், மாலைக்கு ஓர் அங்கமாக வாய்விட்டுப் படித்தோம். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் பெண்கள் இருவர் மனோன்மணியாகவும் வாணியாகவும் படித்தனர். செய்யுள் கடினம், சந்தி பிரித்து, பொருள் கூறி, மீண்டும் படித்தோம். தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரும் வந்து அமர்ந்தார். கண்பார்வை மங்கியவர். இளமையில் கூத்தென்றால் பத்துக் கல் நடந்து சென்றவர்.

"சாமி, நாடகத்தைப் படிக்கிறதுன்னா, சமையல் குறிப்பைப் படிச்சிட்டுப் பசி ஆறிடுச்சான்னு பாக்கிற மாதிரி" என்று முதல் நாளே கூறினார். அதை மறுக்க நம்மிடம் விடையில்லை. மறுக்க வேண்டியதும் இல்லை. மத்தளமும் முகவீணையும் ஊர்கூடி இருக்கும் நெருக்கமும் தரும் நிறைவை ஏடு தராது.

ஆனால், மேடை தராத ஒன்றை ஏடு தருகிறது. மேடையில் காலம் ஆறுபோல முன்னோக்கியே ஓடும். ஏட்டில் கரையேறி நிற்கலாம், வந்த வழியே திரும்பியும் நடக்கலாம். மேடையில் வஞ்சகன் நுழையும்போதே ஒப்பனையும் உறுமலும் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏட்டில் அவனுக்கு முகமில்லை. சொல் மட்டுமே உண்டு. அச்சொல்லோ இனிக்கிறது! குடிலம் என்றால் வளைவு, வஞ்சகம் என்று பொருள். அப்பெயரை நாவால் அழைத்துக்கொண்டே அம்மன்னன் அவனை நம்பினான். மன்னனுக்குப் பக்கத்தைத் திருப்பி மீண்டும் படிக்கும் வாய்ப்பில்லை. நமக்கு உண்டு.

மேடை ஏற்கவே இயலாத ஒன்றும் இந்நூலில் உள்ளது. நடராசன் என்னும் இளைஞன் வயலோரம் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து வியந்து பேசுகிறான். மண்ணைத் தின்று, மண்ணைப் பொடியாக்கி, உழவனுக்கு உதவி, எவர் கண்ணிலும் படாமல் வாழும் அச்சிற்றுயிரை எந்த அரங்கில் காட்ட முடியும்? படிப்பவர் மனத்தில் அது தெளிவாக ஊர்கிறது. அப்பகுதியைப் படித்த மாலையில் பெரியவர், சுண்ணாம்புத் தொட்டிகளையும் ஆவாரம் பட்டையையும் பற்றி நெடுநேரம் பேசினார். "செருப்பைப் பாக்கிறவன் தோலைப் பதப்படுத்தினவன் கையைப் பாக்கிறதில்ல" என்றார். அன்று முதல் அவர் வராத ஞாயிறு இல்லை.

குடிலன் பகுதியைப் படிக்க எவரும் முன்வரவில்லை. இறுதியில் ஓர் இளைஞன் இசைந்தான். திரைப்பட வில்லனைப்போல் முழங்கினான். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இப்படிக் கத்தினா ராசாவுக்குச் சந்தேகம் வந்துடாதா? கெடுக்க வந்தவன் மெதுவாத்தான் பேசுவான். நம்ம மேல அக்கறை இருக்கிறவன் மாதிரி பேசுவான்." இளைஞன் மீண்டும் படித்தான், தாழ்ந்த குரலில், கனிவாக. அறையில் இருந்த அனைவருக்கும் மெய் சிலிர்த்தது. அரசனின் நலனையே நினைப்பவன் பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் பெரியவர் நம்மைத் தனியே அழைத்தார். தம் தம்பியோடு அவர் பேசிப் பதினோராண்டுகள் ஆகியிருந்தன. தந்தை விட்டுச்சென்ற சிறு நிலத்தைப் பற்றிய வழக்கு. "என் தம்பி என்ன சொன்னான்னு நான் கேட்டதே இல்ல சாமி. அவன் என்ன சொன்னான்னு இன்னொருத்தன் மெதுவா சொன்னதைத்தான் கேட்டேன்" என்றார். பின்பு அவர் தம்பி வீட்டுக்குச் சென்று வந்தார். நிலத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும், அண்ணனுக்கு உடல்நலம் குன்றிய நாளில் மருந்து வாங்கி வந்தவர் அந்தத் தம்பியே. பெரியவரின் இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.

இதை நூலின் வெற்றி என்று பறைசாற்ற மாட்டோம். பிறர் சொல்லுக்கு நம் மூச்சைக் கடன் கொடுத்துப் படிக்கையில், அச்சொல்லை நாம் உள்ளிருந்து அறிகிறோம் என்பதே நாம் கண்டது. பார்வையாளர் குடிலனை வெறுத்துவிட்டு வீடு திரும்பலாம். படிப்பவர் குடிலனாகவும் சீவகனாகவும், பழி சுமந்த நாராயணனாகவும் மாறி மாறி ஆகவேண்டும்.

இவ்வுண்மையைத் திருச்சபை தன் வழிபாட்டில் போற்றி வருகிறது. பாஸ்கு நாடகத்தில் பாடுகளைக் காண்கிறோம், கண்ணீர் விடுகிறோம். பெரிய வெள்ளியன்று ஆலயத்திலோ, அதே பாடுகளின் வரலாற்றை உடையும் ஒப்பனையும் இன்றிக் குரல்களாகப் பிரித்து வாசிக்கிறோம். கூட்டத்தின் கூக்குரல் மக்களாகிய நம் பங்கு. "சிலுவையில் அறையும்" என்று சொல்ல வேறெவரும் இல்லை, நாமேதான் சொல்கிறோம். அவ்வேளையில் பீலாத்து முற்றத்தின் தொலைவு மறைந்துவிடுகிறது.

ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம், சேக்சுபியரின் துன்பியல் நாடகங்கள் மேடைக்கு அடங்காதவை என்று 1811இல் வாதிட்டார். அவ்வளவு தூரம் நாம் செல்ல வேண்டியதில்லை. கூத்தும் வாழட்டும், ஏடும் வாழட்டும். ஒன்று ஊரைக் கூட்டுகிறது. மற்றொன்று உள்ளத்தைக் கூட்டுகிறது.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். கைபேசிகள் சிறிது நேரம் ஓய்வெடுக்கட்டும். ஒரு நல்ல நாடகத்தை எடுத்து, பாட்டி முதல் பேரன் வரை ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நல்லவர் பகுதிக்குப் போட்டி இருக்கும். தீயவன் பகுதியை மட்டும் குடும்பத்தில் மூத்தவர் ஏற்கட்டும், மெதுவாகப் படிக்கட்டும். அக்குரலை எங்கே கேட்டோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கும் அமைதி அவ்வறையில் சிறிது நேரம் தங்கும்.