முடிவெட்டப் பழகின பெடியனும் ஒரு நாடுகடத்தல் கடிதமும்

மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு இடப்பெயர்வு வரலாறு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதற்குத் தந்த ஒப்படை இதுதான்: உலகத்தில் எங்காவது புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தை எடுங்கள். எந்த ஊர், ஏன் வெளிக்கிட்டார்கள், எந்தத் துறைமுகத்தால் போனார்கள், போன இடத்தில் என்ன ஆனார்கள் என்பதை ஆவணங்களை வைத்துச் சொல்லுங்கள். சொந்தக் குடும்பத்தை எடுக்கக் கூடாது.

நான் எடுத்தது ட்ரம்ப் குடும்பம். "உனக்கு வேற ஆக்களே கிடைக்கேல்லையோ?" எண்டு பெடியள் சிரிச்சாங்கள். எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இந்தக் குடும்பத்தைப் பற்றி க்வெண்டா பிளேயர் என்ற பத்திரிகையாளர் மூன்று தலைமுறைக் கதையாக ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்; ஆவணங்களுக்குப் பஞ்சம் இல்லை. மற்றது ஒரு ஆண்டுக்கணக்கு. டொனால்ட் ட்ரம்பின் அப்பப்பா ஃபிரீட்ரிக் ஜேர்மனியை விட்டு வெளிக்கிட்டது 1885இல். என் பெரியப்பா ஜேர்மனிக்குப் போய் இறங்கியது 1985இல். சரியாக நூறு வருடம்.

ஃபிரீட்ரிக்கின் ஊர் கல்ஸ்டாட். தென்மேற்கு ஜேர்மனியில், பலாட்டினேட் என்ற பகுதியில் உள்ள ஒரு சிறிய கிராமம். முந்திரிகைத் தோட்டமும் வைனும்தான் ஊரின் சீவியம். அந்தக் காலத்தில் அது பவேரிய இராச்சியத்துக்குச் சொந்தம். கெச்சப் போத்தலில் நாங்கள் பார்க்கிற ஹெயின்ஸ் இருக்கிறாரே, அவருடைய தகப்பனும் இதே ஊர் ஆள்தான். இவ்வளவு சின்ன ஊரில் இருந்து ஏன் இத்தனை பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள்? அந்தப் பகுதியில் தகப்பனின் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று தலைமுறை போனால் மிஞ்சுவது ஒரு குடும்பம் சாப்பிடக் காணாத துண்டு நிலம். அதோடு கட்டாய இராணுவ சேவை. முதல் உலகப்போருக்கு முந்தைய நூறு வருடத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மானியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதில் 1880கள்தான் உச்சம்.

ஃபிரீட்ரிக் 1869இல் பிறந்தவர். எட்டு வயதில் தகப்பன் நோயில் இறந்துபோனார். ஆறு பிள்ளைகளும் கடனும் தாயின் தலையில். தோட்ட வேலை செய்ய உடம்பு காணாத பெடியன் எண்டு, பதினான்கு வயதில் அவரைப் பக்கத்து ஃபிராங்கென்டால் நகரத்துக்கு முடிவெட்டப் பழக அனுப்பினார்கள். பழகித் திரும்பி வந்தால் ஊரில் வெட்டுவதற்குத் தலைகள் காணாது. பதினாறு வயதில், ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, இரவோடு இரவாக வெளிக்கிட்டார். பிறேமன் வழியாக 'ஐடர்' என்ற கப்பலில் ஏறி, 1885 ஒக்டோபர் 19இல் நியூயோர்க்கில் இறங்கினார். அவரை வரவேற்க சுதந்திரதேவி சிலைகூட அங்கே இல்லை. அது பெட்டிகளில் வந்து, பொருத்தப்படாமல் கிடந்தது. திறப்பு விழா அடுத்த வருடம்தான். ஆனால் அக்கா இருந்தா. ஏற்கனவே போய், கல்ஸ்டாட் ஆள் ஒருவரையே கலியாணம் முடித்து, நியூயோர்க்கில் இருந்த அக்கா. ஒருவர் போய், பிறகு மற்றவரை எடுப்பது. இந்த முறையை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆவணங்களுக்கும் ஒரு விதி இருக்கிறது என்பதை இந்த ஒப்படையில்தான் படித்தேன். பலாட்டினேட் பகுதி 1790களின் கடைசியில் பிரான்சின் கையில் இருந்தது. அப்போது தொடங்கின பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள். ஆனால் கப்பல் ஏறும் இடத்தில் கதை மாறுகிறது. ஹம்பேர்க்கால் போனவர்களின் பட்டியல் 1850இல் இருந்து கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கிறது. பிறேமனால் போனவர்களுக்கு அந்த யோகம் இல்லை. வைக்க இடம் இல்லை என்று சொல்லி மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பட்டியல்களை அங்கத்தைய ஆட்களே அழித்துக்கொண்டு வந்தார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போனது. அமெரிக்கப் பக்கமும் ஒரு ஓட்டை: 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 1921இல் நடந்த ஒரு தீவிபத்தில் பழுதாகி, கடைசியில் அநேகமாக முழுவதும் இல்லாமல் போனது. 1885இல் வந்திறங்கிய ஒரு பெடியனைத் தேடுகிறவருக்கு 1900 வரைக்கும் குடிசன மதிப்பீட்டில் ஒன்றும் கிடைக்காது. மிஞ்சியிருப்பது நியூயோர்க்கில் கப்பல் கொடுத்த பயணிகள் பட்டியல்.

அந்தப் பட்டியலில் அவர் பெயர் 'ட்ரம்ப்ஃப்' என்று இருக்கிறது. தொழில், கமக்காரன். இரண்டுமே சரியில்லை. 'எலிஸ் தீவில இருந்த அதிகாரிமார்தான் எல்லாரின்ர பெயரையும் மாத்தினவை' என்று ஒரு கதை அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. எலிஸ் தீவு திறந்ததே 1892இல். ஃபிரீட்ரிக் இறங்கியது அதற்கு முந்தி இருந்த காசில் கார்டன் என்ற இடத்தில். அதோடு பெயர்ப் பட்டியலை எழுதுவது கப்பல் கொம்பனியின் வேலை. இறங்கும் இடத்து அதிகாரிகள் அதைச் சரிபார்ப்பார்கள். பெயர்கள் மாறியது உண்மை. ஆனால் பெரும்பாலும் அந்த மனிதர்களே, பிறகு, தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஃபிரீட்ரிக்கும் 'ஃபிரெடெரிக்' ஆனார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றேன். பெரியப்பாவின் மகள், என் அக்கா, ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறா. அவவின் குடும்பப் பெயர் எங்கள் அப்பப்பாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே. தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதுவோம். அங்கே படிவத்தில் அந்தப் பெட்டியை நிரப்ப வேண்டி, பெரியப்பாவின் தகப்பன் பெயர் ஒரு பரம்பரைப் பெயராகிவிட்டது. அதுவும் ஒரு எழுத்துப் பிழையோடு. வடமராட்சியை விட்டு அசையாத அப்பப்பா, ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டின் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பிழையான எழுத்தில் இருக்கிறார். அக்காவின் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான்.

ஃபிரீட்ரிக்கின் அமெரிக்கக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆறு வருடம் முடிவெட்டினார். 1891இல் மேற்குக் கரையில் சியாட்டிலுக்குப் போய் சாப்பாட்டுக் கடை போட்டார். 1892இல் அமெரிக்கப் பிரஜையானார். கனடாவின் யூக்கோனில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் எல்லோரும் மண்வெட்டியோடு ஓட, அவர் ஓடினவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் குடியும் விற்றார். தங்கம் தோண்டினவர்களில் கனபேர் வெறுங்கையோடு திரும்ப, அவர் காசோடு திரும்பினார்.

திரும்பி எங்கே போனார்? கல்ஸ்டாட்டுக்கு. பெண் எடுக்க. தான் ஊரை விட்டுப் போகும்போது ஐந்து வயதாக இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை எலிசபெத்தை 1902இல் கலியாணம் முடித்து நியூயோர்க்குக்குக் கூட்டிவந்தார். அவவுக்கு அந்த ஊர் ஒத்துவரவில்லை. ஊர் நினைப்பு. அங்கேயே ஒரு மகளும் பிறந்தாள். கடைசியில் 1904இல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, திரும்பவே மாட்டோம் என்ற எண்ணத்தில் கல்ஸ்டாட்டுக்குப் போனார்கள். 80,000 மார்க் காசு கொண்டுவந்த ஆளை ஊர்ச் சபையும் சந்தோசமாக ஏற்றுக்கொண்டது.

பவேரிய அரசு ஏற்கவில்லை. இராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வயது வருமுன், ஒருவருக்கும் அறிவிக்காமல் போனவர். அந்த வயது கடந்ததும் காசோடு வந்து நிற்கிறார் என்று கணக்குப் பார்த்தது. 1905 பெப்ரவரியில் உத்தரவு வந்தது: சில வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போ, இல்லாவிட்டால் நாடுகடத்துவோம். ஃபிரீட்ரிக் பவேரியாவின் இளவரசர் லூயிட்போல்டுக்கு ஒரு மன்றாட்டுக் கடிதம் எழுதினார். நாங்கள் நேர்மையான ஆட்கள், இந்தச் செய்தி எங்கள் தலையில் இடியாக விழுந்தது, பிள்ளைக்கு வருத்தமும் வந்துவிட்டது, எங்களை இருக்க விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பதில், முடியாது. அந்த வருடம் ஜூலை 1இல் குடும்பம் திரும்பவும் கப்பல் ஏறியது. எலிசபெத்தின் வயிற்றில் அப்போது பிள்ளை. ஒக்டோபரில் நியூயோர்க்கில் பிறந்த அந்தப் பிள்ளைதான் ஃபிரெட், டொனால்ட் ட்ரம்பின் தகப்பன்.

ஃபிரீட்ரிக் 1918இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் நாற்பத்தொன்பது வயதில் செத்துப்போனார். ஃபிரெட் கட்டடம் கட்டிப் பணக்காரர் ஆனார். இரண்டு உலகப்போர்களிலும் ஜேர்மனி எதிரி நாடு. ஜேர்மன் ஆள் என்பது நியூயோர்க்கில் வியாபாரத்துக்குச் சரிவராது. அதனால் தன் குடும்பம் சுவீடனில் இருந்து வந்தது என்று சொல்லத் தொடங்கினார். 1987இல் வந்த டொனால்ட் ட்ரம்பின் புத்தகத்திலும் அப்பப்பா சுவீடனில் இருந்துதான் வந்தார். ஒரு முழு ஊரும் ஒரு மன்றாட்டுக் கடிதமும் இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விட்டன. நாடுகடத்தல் உத்தரவு பற்றிய செய்தி உலகத்துக்கே தெரிய வந்தது 2016இல், ஒரு பலாட்டினேட் வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கடதாசியைக் கண்டெடுத்த பிறகு. அதே வருடம், குடியேறிகளை வெளியே அனுப்புவேன் என்று மேடை மேடையாகச் சொன்ன பேரன் சனாதிபதித் தேர்தலில் வென்றார். அவருடைய தாய் ஸ்கொட்லாந்தில் இருந்து கப்பலில் வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ட்ரம்பைப் பார்த்துச் சிரிப்பது சுகம். எனக்குச் சிரிப்பு அடங்கின இடம் வேறு.

பெரியப்பா 1985 தை மாதம் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனவர். அந்தக் காலத்தில் கனபேர் போன வழி அது. பிறகு வருடக்கணக்காக முகாம், வேலை செய்யத் தடை, ஒவ்வொரு சில மாதமும் நீடிக்க வேண்டிய ஒரு கடதாசி. ஒருமுறை, இத்தனையாம் திகதிக்குள் வெளியேற வேண்டும் என்று கடிதமே வந்ததாம். சட்டத்தரணி பிடித்து நின்றுவிட்டார். 'அந்தக் கடிதம் வந்த அண்டு நான் சாப்பிடேல்லை' என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை. போன வருடம் தொலைபேசியில் கதைக்கும்போது இதே பெரியப்பா சொன்னார்: "இப்ப வாற சிரியாக்காரர், ஆப்கான்காரர் எல்லாம் சும்மா காசுக்கு வருகினம். நாங்கள் அப்பிடியே வந்தனாங்கள்?" அவருக்கு ஃபிரீட்ரிக்கைத் தெரியாது. ஆனால் ஃபிரெட்டை எனக்கு அந்த நிமிடத்தில் நன்றாக விளங்கியது. வந்த பாதையை மறைப்பதற்கு சுவீடன் வேண்டும் என்றில்லை. 'எங்கட கதை வேற' என்ற ஒரு வசனம் போதும்.

பெரியப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை. அவர் அனுப்பின காசில்தான் நான் படிக்கிறேன். இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும் மடிக்கணினியும் அவருடையது. வெளியேறச் சொன்ன ஒரு நாட்டில் பயந்து பயந்து ஒரு இடம் பிடித்தவர், அந்த இடம் போய்விடுமோ என்று பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த வசனத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்வார்கள். அந்தக் கடிதத்தை அவர்கள் பார்க்க மாட்டார்கள். கடிதம் இல்லாமல் வசனம் மட்டும் மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் ஒப்படையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். முதலில் இந்தியாவில் இருந்து வந்தோம் என்றார்கள். உண்மையில் அவர்கள் வெளிக்கிட்டது மேற்கு ஜேர்மனியில் இருந்து. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. கப்பல் புறப்பட்டது வேசர் ஆற்றங்கரையில் இருக்கும் பிராக்கே என்ற சிறிய துறைமுகத்தில். பிறேமனுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இடம். நூறு வருடத்துக்கு முந்தி ஃபிரீட்ரிக் மாதிரி இலட்சக்கணக்கான ஜேர்மன் பெடியள் அமெரிக்காவுக்குப் போன அதே ஆற்று வழி. ஆறு, யார் ஜேர்மன், யார் தமிழன், யார் வயிற்றுக்காகப் போனவன், யார் உயிருக்காகப் போனவன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. கணக்கு வைப்பது கரையில் இருப்பவர்கள்.

ஒப்படைக்குப் புள்ளி வந்துவிட்டது. ஆனால் எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அது இப்ப ஏன் உனக்கு?" என்கிறார். அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாதாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடதாசி, பழைய பிஸ்கட் ரின்னிலோ அலுமாரியின் மேல் தட்டிலோ கிடக்கும். வீட்டுப் பெரியாக்கள் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். தர மாட்டினம். திரும்பவும் கேளுங்கள்.