நேற்று வந்திருக்கிறார்

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, 'மை ஃபாதர் ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் அவள் ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. 'அப்பா நேற்றுதான் வந்திருக்கிறார்' என்பது தமிழில் பிழையா? இல்லையே! ஆங்கிலத்தில்தான் 'ஹேஸ் கம்' என்பதோடு 'நேற்று' சேராது. 'கேம்' என்றே வர வேண்டும். மலாயிலோ வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதே இல்லை. முன்னால் 'சுடா' சேர்த்தால் போதும். மூன்று மொழிகளையும் ஒரே புத்தகப்பையில் சுமக்கிறார்கள் நம் பிள்ளைகள். (நமக்கே சில வேளைகளில் தடுமாறுகிறது!)

மறுநாள் இரு வாக்கியங்களையும் வெண்பலகையில் அருகருகே எழுதி விளக்கினேன்.

"அப்படியென்றால் நான் தமிழில் நினைத்தது சரிதானே, டீச்சர்?"

"சரிதான், அம்மா" என்றேன். அவள் அழிப்பானைத் தேடினாள்.