கோபமே வராத யந்திரம்

சாந்தோமில் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மாவுக்கு வயது 78. ஒரே பிள்ளை, என் வயசுக்காரன், கனடாவில். கண்ணில் புரை நீக்கியும் டீச்சரம்மாவுக்குப் பொடி எழுத்துத் தெரிவதில்லை. சென்ற வருஷம் பிள்ளை வந்தபோது, செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அதை அம்மாவின் செல்போனில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். இப்போது அந்த அம்மாள் மாத்திரை அட்டையைப் போனுக்குக் காட்டித் தமிழில் கேட்கிறார். அதுவும் தமிழிலேயே படித்துச் சொல்கிறது.

"ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் இதுக்குக் கோபமே வரல்லை, தம்பி. நானா இருந்தா மூணாவது தடவை பிரம்பை எடுத்திருப்பேன்" என்றார்.

வயதானவர்களுக்கு வேண்டியிருப்பது பிறருடைய அறிவைவிடப் பொறுமைதான். பெற்ற பிள்ளைகளிடம்கூட அது கிடைப்பது அரிது. அதனாலேயே பேசும் யந்திரத்திடம் மனசு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. இது புது விஷயமும் அல்ல. ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1966-ல் 'எலிசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதற்குத் தெரிந்த வித்தை. அவர் அதைச் செய்ததைக் கூடவே இருந்து பார்த்த காரியதரிசியே, அதனுடன் இரண்டு வார்த்தை பேசியதும், அவரை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டாளாம்.

டீச்சரம்மா அவ்வளவு சுலபத்தில் மயங்குகிறவர் அல்ல. சாந்தோம் தேவாலயத்தின் இப்போதைய கட்டடம் அர்ச்சிக்கப்பட்ட வருஷம் எது என்று ஒரு நாள் கேட்டார். 1896 என்றது. சரியான விடை. "இல்லை, 1906!" என்று வேண்டுமென்றே அதட்டினார். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 1906-தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது! "பிரம்புக்குப் பயந்த பையன். இவன் பேச்சைக் கேட்டு மாத்திரை சாப்பிடலாமா?" என்றார். அன்று முதல் அட்டையில் உள்ள பெயரைப் படிக்க மட்டும் போன், மற்றதெல்லாம் டாக்டரிடம்.

எனக்குப் பயம் வேறொன்றில். ஒருவர் குரலை மூன்று விநாடி கேட்டால் போதும், அவரைப் போலவே பேசிக் காட்டும் முறையை மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். இத்தகைய வித்தை இன்று மோசக்காரர்கள் கையிலும் இருக்கிறது. நடு ராத்திரியில் பிள்ளையின் குரலில், "அம்மா, விபத்து, உடனே பணம் வேணும்" என்று வந்தால் எந்தத் தாய் நின்று யோசிப்பாள்? கண் மங்கியவர்களுக்குக் காதுதான் சாட்சி. அந்தச் சாட்சியையே கலைத்துவிட்டார்களே! பணம் போனபின் 1930-க்குப் போன் செய்யலாம். சீக்கிரம் சொன்னால் வங்கியில் தடுத்து நிறுத்தவும் வழி உண்டு. போகாமல் இருக்க?

இதைச் சொன்னதும் டீச்சரம்மா சிரித்தார். பிள்ளையோடு ஒரு சொல் பேசி வைத்திருக்கிறாராம். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சின்ன வயசில் அவன் வீட்டில் எதற்கோ வைத்த செல்லப் பெயர். அதை அறிந்த மூன்றாமவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

"இந்தப் போனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

மேஜைமேல் இருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அதுகிட்டே எதுக்குச் சொல்றேன்?" என்றார், குரலைத் தாழ்த்தி.