அக்காவுக்கு ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை

கொரியாவிலிருந்து மின்னசோட்டாவுக்குத் தத்துப்போன குழந்தைகளில் அக்கா தம்பிகளும் அண்ணன் தங்கைகளும் உண்டு. அவர்களை வளர்த்த வீடுகள் தாமதமாகக் கற்ற பாடம், இன்று இந்தியாவிலிருந்து போகும் குழந்தைகளுக்கும் பொருந்துகிறது.

குளிர்காலத்தில் மின்னசோட்டாவின் ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும். அவற்றின் மேல் கார் ஓட்டுவார்கள். பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். கனடாவை ஒட்டிய இந்த அமெரிக்க மாநிலத்தில் ஏரிகள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். 19ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள் இங்கு ஏராளம். எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்தாலும் ஆண்டர்சன், ஓல்சன், லார்சன் என்று பெயர்கள் வரிசைகட்டும். ஆனால் 'ஓல்சன்' என்று கூப்பிட்டதும் எழுந்து நிற்பவருக்குக் கறுப்பு முடியும் கொரிய முகமும் இருந்தால், இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காரணம் ஒரு போர். 1953இல் கொரியப் போர் ஓய்ந்தபோது அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1955இல் ஆரகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட்டும் மனைவி பெர்த்தாவும் எட்டு கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இரக்கத்தில் தொடங்கிய காரியம் ஏற்பாடாகி, ஏற்பாடு தொழிலானது. கொரியா பணக்கார நாடாகிக்கொண்டிருந்த 1985இல் மட்டும் 8,800க்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் பறந்தார்கள். மின்னசோட்டாவின் லூத்தரன் சேவை அமைப்புகளும் குழந்தைகள் நலச் சங்கங்களும் இதில் மும்முரமாக இருந்தன. இந்த ஒரு மாநிலத்தில் வளர்ந்த கொரியத் தத்துப் பிள்ளைகள் 10,000 முதல் 15,000 வரை இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

மினியாபோலிஸ் விமான நிலையத்தில் பலூனோடும் பொம்மையோடும் காத்திருப்பார்கள் புதுப் பெற்றோர். துணைக்கு வந்த யாரோ ஒருவர் கைக்குழந்தையை ஒப்படைப்பார். கைக்குழந்தை என்றால் பிரச்சினை குறைவு. அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் இறங்கினால் கதை வேறு. வந்து சேர்வது இரண்டு குழந்தைகள் அல்ல. ஏற்கெனவே ஒழுங்கோடு நடந்துகொண்டிருந்த ஒரு சின்னக் குடும்பம். அதற்குத் தலைவி, ஆறேழு வயது அக்கா.

முதல் ராத்திரியிலேயே இது தெரிந்துவிடும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கட்டில் என்று ஆசையாக ஜோடித்து வைத்திருப்பார்கள். விடிந்து பார்த்தால் இரண்டும் ஒரே போர்வைக்குள் தரையில் சுருண்டு கிடக்கும். கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் சூடேற்றி, மேலே மெத்தை விரித்துப் படுப்பதுதான் வழக்கம். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு அகப்படும். மேஜையில் எவ்வளவு இருந்தாலும், நாளைக்கும் இருக்கும் என்று நம்ப அந்தக் குழந்தைகளுக்கு மாதங்கள் பிடிக்கும்.

தம்பிக்கு ஊட்டுவது அக்கா. கால் கழுவி விடுவது அக்கா. புதிய அம்மா கையை நீட்டினால் தம்பி முதலில் அக்காவின் முகத்தைப் பார்ப்பான். அவள் தலையசைத்தால்தான் போவான். பல தாய்மார்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். 'இனி இதெல்லாம் உன் வேலையில்லை, நீ போய் விளையாடு' என்பது அவர்களுக்குக் கருணை. அவளுக்கோ பதவிப் பறிப்பு. இழந்த எல்லாவற்றுக்கும் பிறகு அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பொறுப்பு ஒன்றுதான். விவரம் தெரிந்த பெற்றோர் அதைப் பிடுங்குவதில்லை. முதல் வாய் அவள் ஊட்டட்டும், அடுத்ததை நான் ஊட்டுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். பாரம் மெல்ல மெல்லக் கைமாறும். ஒருநாள் ஏழு வயதுப் பெண் தனக்கும் பால் புட்டி வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அது பின்னடைவு அல்ல. அப்போதுதான் அவள் குழந்தையாகத் தொடங்கியிருக்கிறாள்.

தமிழர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய இன்னொரு சிக்கலும் உண்டு. கொரிய மொழியில் அம்மாவை 'ஒம்மா' என்பார்கள், அப்பா, அப்பாவேதான். தம்பி அக்காவை 'நூனா' என்பான், தங்கை 'ஒன்னி' என்பாள். அண்ணனுக்கும் அப்படி இரண்டு சொற்கள். மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. ஆங்கிலத்திலோ எல்லோரும் 'சிஸ்டர்', 'பிரதர்'. கூப்பிடுவது பெயர் சொல்லித்தான், அதுவும் புதிதாக வைத்த பெயர். தம்பி முதன்முறையாக அக்காவை 'கேத்தி' என்றோ 'லிண்டா' என்றோ அழைக்கும்போது, ஒரு பெயர் மட்டும் மாறவில்லை. ஓர் உறவின் படிநிலையே கலைகிறது. வீட்டில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆங்கிலம் சீக்கிரம் வருகிறது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

மொழி போகும் வேகம் விஞ்ஞானிகளையே அசர வைத்திருக்கிறது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போன கொரியர்கள் சிலரை, அவர்கள் பெரியவர்களான பிறகு பாரிசில் சோதித்தார்கள். 2003இல் வெளியான முடிவு இது: கொரிய வாக்கியங்களை அடையாளம் காண்பதில் அவர்களுக்கும், கொரியமே கேட்டறியாத பிரெஞ்சுக்காரர்களுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் 2017இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு கொஞ்சம் ஆறுதல் தந்தது. மறந்துவிட்டதாக நினைத்த அந்த ஒலிகளைத் திரும்பக் கற்கும்போது, தத்துப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தினார்கள். மறந்தது எல்லாம் அழிந்துவிடவில்லை.

உடம்புக்கும் நினைவுண்டு. 1986இல் டாக்டர் டேனா ஜான்சன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளுக்கென்று தனி கிளினிக் தொடங்கினார். அமெரிக்காவில் அதுவே முதல். இல்லங்களில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் குழந்தை சுமார் ஒரு மாத வளர்ச்சியை இழக்கிறது என்பது அவர் போன்றவர்கள் கண்டறிந்த கணக்கு. நல்ல சோறும் நிலையான மடியும் கிடைத்தால், உயரத்தில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். நம்பிக்கையை மீட்க நாளாகும்.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1970களிலிருந்தே கோடையில் கொரியப் பண்பாட்டு முகாம்கள் நடத்தினார்கள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்குமாக 'ஹாட்டிஷ்' வேகும் அடுப்படிகளில், கோடை வந்தால் கிம்ச்சி வாடையும் எழுந்தது. வருஷத்தில் ஒரு வாரம் கொரியர், மற்ற நாளெல்லாம் ஓல்சன் என்று பிள்ளைகள் பின்னாளில் கிண்டலடித்தாலும், தன் முகம் போலவே நூறு முகங்களை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான் என்பவர்கள் உண்டு.

முகாம் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. பெற்றோர் இல்லை என்கிறது காகிதம். அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமிருக்கிறது என்கிறாள் அக்கா. யாரை நம்புவது? 1972இல் அக்காவோடு மின்னசோட்டாவின் ஒரு சிற்றூருக்கு வந்து வளர்ந்தவர் எழுத்தாளர் ஜேன் ஜியோங் ட்ரென்கா. பெற்ற தாய் கொரியாவிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பின்னர் நேரில் சந்தித்த ஜேன், 2003இல் தன் கதையை நூலாக்கினார். சியோலுக்கே குடிபோய்ச் சட்டத் திருத்தத்துக்காகப் போராடினார். 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குழந்தை பிறந்து ஏழு நாள் கழியாமல் தாயிடம் சம்மதம் வாங்கக் கூடாது என்றது. பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதியப்பட்ட குழந்தைகள் உண்டென்று 2025 மார்ச்சில் கொரிய அரசின் உண்மை அறியும் ஆணையமே சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். அக்காவின் ஞாபகத்தைக் கற்பனை என்று ஒதுக்கிய வீடுகளுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

சேர்ந்து வந்தவர்கள் பாக்கியசாலிகள் என்றும் சொல்ல வேண்டும். 1987இல் பூசானில் பிறந்த இரட்டையரில் ஒருத்தி அமெரிக்காவுக்கும் இன்னொருத்தி பிரான்சுக்கும் போனார்கள். ஒருத்தி இருப்பதே மற்றவளுக்குத் தெரியாது. இணையத்தில் தன்னைப் போலவே ஒரு முகத்தை அனாயிஸ் போர்தியே பார்த்து, சமந்தா ஃபியூட்டர்மனைக் கண்டுபிடித்தபோது இருவருக்கும் 25 வயது.

இன்று அந்த விமானங்கள் குறைந்துவிட்டன. 2004இல் சுமார் 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கா, 2023 நிதியாண்டில் எடுத்தது 1,275 பேரை. அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பவை இந்தியாவும் கொலம்பியாவும். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, 60 நாளில் இந்தியப் பெற்றோர் கிடைக்காத குழந்தை வெளிநாடு போகலாம். உடற்குறை உள்ளவர்கள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை. இங்கே தத்தெடுக்க வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே ஒரு கைக்குழந்தையை.

எனவே அக்காவும் தம்பியும் இன்னும் விமானம் ஏறுகிறார்கள். கோப்பில் அவர்களுக்கு 'சிப்ளிங் குரூப்' என்று பெயர். புதிய வீட்டில் கட்டிலும் பொம்மையும் தயாராக இருக்கும். அவளை அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகியிருந்தால், முதல் ராத்திரி கொஞ்சம் சுலபமாகும்.