நம்பர் என்ன?

போன மே மாதம் பேத்தியைச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போனேன். 5,300 அடி உயரத்தில் மொட்டைவெளி. குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட நீண்ட வரிசை. பேத்தி வரிசையிலேயே போனில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்ட்டூன் இல்ல தாத்தா, அனிமே" என்று திருத்தினாள். ராத்திரி வீட்டில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். நாலு நாள் ஓடியது.

'எ செர்டெய்ன் சயின்டிஃபிக் ரயில்கன்' என்று பெயர். நான் பார்த்தது 2013-இல் வந்த இரண்டாவது பாகம். ஒரு நகரம், அதில் பெரும்பாலோர் மாணவர்கள். பிள்ளைகளுக்கு அபூர்வ சக்தி உண்டு, அதற்கு 0 முதல் 5 வரை தரம். 3-க்குக் கீழே இருந்தால் டோகிவடாய் என்ற உயர்தரப் பெண்கள் பள்ளியில் இடமே கிடையாது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மிசாகா மிகோடோ என்ற பெண்ணிடம், சின்ன வயதில், தசைச்சிதைவு நோயாளிகளுக்கு உதவும் என்று சொல்லி மரபணுவை வாங்குகிறார்கள். அதை வைத்து ராணுவத்துக்காக அவளைப் போலவே பெண்களைச் செய்கிறார்கள். ஒருத்தியை உருவாக்க 14 நாள், 1,80,000 யென். நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம். கடைசியில் 20,000 பேர், ஒரு பையனைப் பலசாலியாக்கும் சோதனையில் சாவதற்கு.

அந்தப் பெண்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 9982 என்பவளுக்கு மிகோடோ ஒரு தவளை பேட்ஜ் குத்திவிடுகிறாள். சாகும்போது கீழே விழுந்த அந்த பேட்ஜைத்தான் அவள் தவழ்ந்து போய் எடுக்கிறாள். அதற்கப்புறம் சண்டை, சண்டை, எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் 9982 போகவில்லை.

காரணம் இருக்கிறது. இந்த மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் சில வருடம் வார்டனாக இருந்தேன். வெளுக்கப் போகும் துணி கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு சட்டைக் காலரிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் எண்ணைத்தான் கூப்பிடுவேன். சுலபமாக இருந்தது.

ஒரு மே மாதம், இதே திருவிழாவுக்கு முந்தின நாள், ஒரு மலையாளி (கேரளக்காரர் இல்லை, நம் மலைக்காரர்) மகனைக் கூட்டிப்போக நடந்தே வந்தார். கையில் ஒரு பலாப்பழம். பெயரைச் சொன்னார். மலைச்சாமியின் பெயர், விடுதியில் அந்தப் பெயரில் மூன்று பையன்கள்.

"நம்பர் என்ன?" என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? "எம் பையன்தாங்க சார்" என்றார். எனக்குத் தேர்வு வேலை. "பசங்க மைதானத்துலருந்து வரட்டும், உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எழுந்துபோய் மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. வெளியே வந்தபோது திண்ணையில் பலாப்பழம் மட்டும் இருந்தது. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமே, போய்விட்டார்.

பையன் அந்த வருடம் திருவிழாவுக்குப் போகவில்லை. யாரோடும் பேசாமல் பலாச்சுளையை எல்லோருக்கும் பங்கு வைத்தான். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தான்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அவனோட அப்பா பேர் என்ன தாத்தா?" என்று கேட்டாள். நான் கேட்கவே இல்லை. பையனின் எண் மட்டும் ஞாபகம் இருக்கிறது, 47.