ஒன்பதேகால் மணி சேவல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் எது வேண்டுமானாலும் கிடைக்கும். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, தேக்குக் கதவு, யாருடைய தாத்தா என்றே தெரியாத தாத்தா போட்டோ! நான் போனது படம் எடுக்க. அதுவும் அருவாமணையை அல்ல, அதன் நிழலை.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிழலுக்குக் காசு வேணாம் தம்பி, எடுத்துக்குங்க."

ஏப்ரல் நடுவில் இந்த ஊரில் உச்சிவெயில் நேராக மண்டையில் இறங்கும். அருவாமணையின் நிழல் அதன் பலகைக்கடியிலேயே பதுங்கிவிடும். காலை ஒன்பதேகால்தான் கணக்கு. வெயில் 45 டிகிரி சாய்வில் வரும். நிழலும் பொருளும் ஒரே அளவு. உருவம் இழுபடாது.

வாசல் சிமெண்ட் தரையில், கத்தியின் பக்கவாட்டில் வெயில் படும்படி வைத்தேன். அட, கழுத்தை நீட்டிய சேவல்! நுனியில் தேங்காய் துருவும் பல்தான் கொண்டை. மொபைலில் வெயில் விழுந்த தரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால், நிழல் மை மாதிரி கறுத்துவிடும்.

படத்தைப் பெரிதாக்கினேன். சேவலின் கழுத்தில் கடித்தெடுத்த மாதிரி ஒரு பள்ளம். இரும்பில் துருதான் கண்ணில் பட்டது. தேய்மானத்தை நிழல்தான் காட்டிக்கொடுத்தது. தீட்டித் தீட்டி, ஒரே இடத்தில் வாழைக்காயும் கத்திரிக்காயும் எத்தனை வருஷம் அரிந்தாளோ, எந்த ஆச்சியோ!

"இதையெல்லாம் யாருண்ணே வாங்குறாங்க?"

"ஏன், நல்லாவே போகுது. கத்தியைக் கழற்றிட்டு, பலகையில பல்பு மாட்டி விளக்கா வச்சுக்குறாங்க. இதுக்கே நாளைக்கு ஒருத்தர் வர்றார்."

மணி பத்தாகப் போகிறது. சேவலின் கழுத்து சுருங்க ஆரம்பித்திருந்தது. அவசரமாக இன்னும் நாலு படம் எடுத்தேன்.