அளவுகோல் யார் கையில்?

திருப்பூரில் அளவுக்குத் தப்பும் பனியன் இல்லை. கட்டிங் மேசை தொடங்கி பேக்கிங் வரை ஒவ்வொன்றும் டேப்பின் கீழ் வந்தே தீர வேண்டும். செக்கிங் பெண்களின் கண்ணுக்குச் சிறு ஓட்டையும் தப்புவதில்லை.

அப்பெண்களுள் ஒருத்தியை நாம் அறிவோம். மூன்று வயதாகியும் நடவாத மகனைப் பயிற்சி மையம் ஒன்றுக்கு இடுப்பில் சுமந்து செல்வாள். சென்ற நாளுக்குக் கூலி கிடையாது. ஏற்றுமதி அவசரத்தில் இருமுறை செல்ல இயலவில்லை. பதிவேட்டில் 'ஒத்துழைக்காத தாய்' என்று எழுதிவிட்டார்கள். "எந்நேரம் வர முடியும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றாள் நம்மிடம். அவ்வொரு சொல்லில் எத்துணைப் பொருள்!

குழந்தையின் வளர்ச்சியை அளக்க நாம் கற்றிருக்கிறோம். 1989-இல் சென்னையில் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், 'உபநயன்' திட்டத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குரிய 250 திறன்களை வரிசைப்படுத்தி, தாயையும் பயிற்றுநராக்கியது. ஆனால் சேவை புரிவோர் குடும்பத்தை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை அளப்பது எங்ஙனம்?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் இதற்கென வினாத்தாள் ஒன்றை வகுத்தனர். 56 வினாக்கள், 2004-இல் அவை 20 ஆகச் சுருங்கின. மதிப்போடு நடத்தினார்களா, செய்தியை விளங்கச் சொன்னார்களா, முடிவெடுப்பதில் பங்கு தந்தார்களா என்று பெற்றோரைக் கேட்டு, 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச் செய்வது அதன் முறை. இங்கே தேர்வு எழுதுவது தாயல்ல, மையம்.

எனினும், வினாத்தாளை நீட்டுபவரே பயிற்சியும் தருபவரானால், நன்றியாலோ அச்சத்தாலோ தாய் ஏழையே இடுவாள். ஆகவே கேட்பவர் வேற்றாளாக இருத்தல் நலம். எழுத்தறியாதாருக்கு வாசித்துக் காட்டுதலும், பிழைப்புக்காக இங்கு வந்த வடமாநிலத் தாயிடம் அவள் மொழியிலேயே கேட்டலும் வேண்டும். தாய் ஷிப்டுக்குச் சென்றபின் குழந்தையைப் பேணும் பாட்டியையும் மறத்தலாகாது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பயிற்சி தருகின்றனர். மாவட்டந்தோறும் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் அமைக்க, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமும் வழிசெய்தது. இத்தகைய மையங்களில் வருகைப் பதிவேட்டின் அருகே, பெற்றோர் மையத்தை மதிப்பிடும் ஏடு ஒன்றும் இருக்கட்டும். அதனைப் படித்து, ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ கதவைத் திறந்து வைக்கும் மையமே குடும்பத்தை மதித்த மையமாகும்.